சென்னைக்கும் பலாலிக்கும் இடையே



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் எளியது. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் பயிற்சியின் இறுதியில் கொடுத்திருக்கும் வினாவைப் போன்றது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு? அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுகிறது. இதற்கு ஒரு வானொலிப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூகோளப் பாடம் நடத்திய நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னோடு ஒரே பள்ளியில் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர், ஒருநாள் அந்த எண்ணத்தை மாற்றினார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையிலேயே சென்னைக்கு வந்து சேர்ந்தவர். அவர் கதையைப் பிறகு சொல்லுகிறேன். முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் இரண்டு நிலையங்கள், சென்னை மீனம்பாக்கமும் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலியும். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் வட அட்சம் 12 பாகை 59 கலைக்குச் சற்று மேலே இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 பாகை 12 கலை. தீர்க்கரேகையைப் பார்த்தாலோ, வித்தியாசம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, பலாலி சென்னைக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருக்கிறது.

இப்படி நேர் தெற்கே அமைந்திருப்பதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பூமி உருண்டையாக இருப்பதால், அதன்மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் பெரும்பாலும் நேர்கோடாகத் தோன்றுவதில்லை. லண்டனிலிருந்து டோக்கியோவுக்குச் சுவரில் தொங்கும் படத்தில் நூல் பிடித்தால், அது கிழக்கு நோக்கி ஆசியாவின் நடுவே செல்லும். பூமி உருண்டையின்மேல் அதே நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே ஏறி, சைபீரியாவின் பனிப் பிரதேசங்களைத் தொட்டுக்கொண்டு இறங்கும். உண்மையில் குறுகிய வழி அதுவே. ஆனால் வடக்கு தெற்காகச் செல்லும் தீர்க்கரேகைக் கோட்டில் இந்த மயக்கம் இல்லை. படத்திலும் அது நேர்கோடு. உருண்டையிலும் அதுவே குறுகிய வழி.

இனித் தூரத்தை அளப்பதும் எளிது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1790களில் மீட்டர் என்னும் அளவை வகுத்தபோது, நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரையுள்ள தூரத்தை ஒரு கோடி மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினாயிரம் கிலோமீட்டரை 90 பாகைக்குப் பங்கிட்டால், ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வருகிறது. மாலுமிகளும் விமானிகளும் இன்னும் சுருக்கமான வழியொன்றை வைத்திருக்கிறார்கள். அட்சத்தில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். நம்முடைய 3 பாகை 12 கலையை முழுவதும் கலையாக்கினால் 192 ஆகிறது. ஆகவே தூரம் 192 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியே செல்லும் தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த 355 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வழியில் பறந்துவரும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் ஏறத்தாழ எழுபது பேர் உட்காரலாம். இரண்டு சுழல்விசிறிகள் கொண்ட அந்த விமானம் உயரே சென்று நிலைகொண்டபின் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடங்கள். ஆனால் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருப்பார்கள். அட்டவணை தயாரித்தவர்களுக்கு வகுத்தல் கணக்குத் தெரியவில்லையா?

நன்றாகவே தெரியும். நிற்கும் விமானம் நகர்ந்துவிடாமல் இருக்க, அதன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரத்தையே அட்டவணை கணக்கில் கொள்ளுகிறது. விமானம் ஓடுபாதையின் முனைக்கு மெல்ல உருண்டு போகவேண்டும். முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்கவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அதற்கு முழுவேகம் கிடையாது. இறங்குவதற்கு முன்பு, காற்றின் திசையைப் பார்த்து, ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்று தீர்மானித்து, தேவையானால் சுற்றி வரவேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் பிரயாணத்தில் இந்த அரைமணி நேரம் கண்ணில் படாது. நம்முடைய சிறிய பிரயாணத்திலோ, அது பறக்கும் நேரத்தோடு ஏறத்தாழச் சமமாக வந்து நிற்கிறது.

காற்றும் தன் பங்குக்குக் கணக்கில் நுழைகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே செல்லும் விமானத்தை முதுகிலே தள்ளும் காற்று, திரும்பி வரும்போது முகத்திலே மோதும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகி, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லுவீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், போகும்போது வேகம் 550; நேரம் 38.7 நிமிடம். வரும்போது வேகம் 450, நேரம் 47.3 நிமிடம். இரண்டும் சேர்ந்து 86 நிமிடம். காற்றே இல்லையென்றால் போக வர 85.2 நிமிடம்தான் ஆகும். ஆகவே காற்று கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதே அதிகம். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், சாதகமான காற்றில் குறைந்த நேரம் இருக்கிறோம் என்பதே இதற்குக் காரணம்.

அடுத்தபடியாகக் கடிகாரம். சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் பலாலிக்கும் தீர்க்கரேகையில் உள்ள வித்தியாசம் பத்தில் ஒரு பாகை. ஆகவே இரண்டு ஊர்களிலும் உச்சிப்பொழுது 24 விநாடி இடைவெளியில் வந்துவிடுகிறது. ஆனால் கடிகாரம் சூரியனைக் கேட்டு ஓடுவதில்லை. அரசாங்கத்தின் ஆணையைக் கேட்டு ஓடுகிறது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு தன் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி பின்னுக்கு இழுத்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்தோடு பொருந்தியது. ஆக, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், 24 விநாடி வித்தியாசமுள்ள இரண்டு இடங்களுக்கு நடுவே அரைமணி வித்தியாசம் நின்றது. புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் கழித்துப் பிரயாண நேரத்தைக் காண முயலும் மாணவன், இரண்டு கடிகாரங்களும் ஒரே மொழி பேசுகின்றனவா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்குக்குள் அடங்குகிற செய்திகள். இனிச் சொல்லப்போவது அடங்காதது.

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது மக்களின் போக்குவரத்துக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. ‘சீதா தேவி’ என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா விமானம் அது. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நம் 355 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 71 நிமிடங்கள் போதும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் இன்னும் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளிலிருந்து விமானங்கள் எவ்வளவு முன்னேறின என்பது நீங்கள் அறிந்ததே. ஜெட் விமானம் வந்தது. ஒலியைவிட விரைந்து செல்லும் விமானமும் வந்தது. ஆகவே சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிரயாண நேரமும் வரவரக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அதற்கு நேர்மாறு. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே இருந்த சேவை 1970களின் இறுதியோடு நின்றது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2009இல் போர் முடிந்தபின்னும் பத்து ஆண்டுகள் வரை சென்னையிலிருந்து அங்கே பிரயாணிகளின் விமானம் போகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான்வழியே செல்ல விரும்பியவர், கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி வரவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் தேசப்படத்தை மறுபடியும் பாருங்கள். மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே 644 கிலோமீட்டர். இரண்டையும் இணைத்து அளவுகோலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எங்கே போகிறது? ஏறத்தாழ யாழ்ப்பாண நகரத்தின் மேலேயே போகிறது. பலாலியைப் பக்கத்தில் ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கடக்கிறது. போகவேண்டிய ஊரைத் தாண்டி, இன்னும் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, தரை வழியே நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய வடக்கே வரவேண்டும். 355 கிலோமீட்டர் என்பது ஆயிரம் கிலோமீட்டராகிவிட்டது. ஒன்றேகால் மணி என்பது ஒரு பகலோ, ஓர் இரவோ ஆகிவிட்டது.

என் நண்பரின் கதையை இப்போது சொல்லலாம். 2013ஆம் ஆண்டு. அவருடைய தாயார் யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். ஒருநாள் காலை, அம்மையாருக்கு உடல்நிலை மிகவும் மோசமாக இருக்கிறது என்று செய்தி வந்தது. மாலையில் கொழும்பு செல்லும் விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. நான்தான் அவரை மீனம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபின் அவர் சொன்னதை, அவர் சொன்ன முறையிலேயே சொல்லுகிறேன்.

“ஐந்து மணிக்கு விமானம் கிளம்பியது. முக்கால் மணி கழித்துச் சன்னல் வழியே பார்த்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே கடல் முடிந்து நிலம் தெரிந்தது. கடல்நீரேரி வெள்ளித் தகடு போல மின்னியது. அதை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவேன். சிறுவனாக அதன் கரையில் விளையாடியவன் அல்லவா? அந்த நேரத்தில் அம்மா உயிரோடு இருந்தாள். எனக்கு நேர் கீழே இருந்தாள். விமானம் நிற்கவில்லை. ஆறரை மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கினேன். எட்டு மணிக்கு ஒரு வாகனம் கிடைத்தது. இரவெல்லாம் பிரயாணம். வவுனியாவைத் தாண்டும்போது மணி இரண்டு. அந்த இரண்டு மணிக்குத்தான் அம்மா போய்விட்டாளாம். நான் வீட்டு வாசலில் இறங்கியபோது விடிவதற்கு இன்னும் ஒரு மணி இருந்தது.”

இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் பூகோளம் படித்தவர். சொல்லுங்கள், என் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

192 கடல்மைல் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த விடை அவருக்கும் தெரியும். அவர் கேட்டது அதை அல்ல என்பது எனக்கு விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, அன்றிலிருந்து வகுப்பறையில் தூரத்தையும் நேரத்தையும் நான் ஒரே மூச்சில் சொல்லுவதில்லை. தூரம் பூமியின் உருவத்தைப் பொறுத்தது. அதை யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நேரம் அப்படியன்று. அதில் இயந்திரத்தின் ஆற்றல் இருக்கிறது, காற்றின் போக்கு இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் மேலாக, வழியைத் திறப்பதும் மூடுவதுமான மனிதர்களின் முடிவு இருக்கிறது. 1947இல் பழைய டக்கோட்டா ஒன்றேகால் மணியில் கடந்த வழியை, 2013இல் புதிய ஜெட் விமானத்தில் ஏறியவர் பன்னிரண்டு மணியில் கடந்தார். இடையில் பூமி நீளவில்லை. இயந்திரமும் பின்தங்கவில்லை.

இது ஏதோ ஒரு தீவுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ணிவிடாதீர்கள். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு விமானங்கள் ரஷ்யாவின்மேல் பறந்து ஒன்பதரை மணியில் சென்றுகொண்டிருந்தன. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின், ரஷ்ய வான்வெளி அந்நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. அவை சுற்றிச் செல்ல நேர்ந்ததால், பிரயாணம் ஏறத்தாழப் பதின்மூன்று மணியாக நீண்டது. அங்கேயும் பூமி உருண்டையின்மேல் பிடித்த நூல் மாறவில்லை. நூலின் வழியே போக அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

நம் கதைக்கு ஒரு நல்ல முடிவும் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் பிரயாணிகள் சேவை தொடங்கியது. சில மாதங்களுக்குள் கொள்ளைநோய் வந்து, 2020இல் அந்த வழி மறுபடியும் அடைபட்டது. 2022 டிசம்பர் 12ஆம் நாள் விமானம் மீண்டும் பலாலியில் இறங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் அதே வழியில் சேவையைத் தொடங்கியது.

என் நண்பர் 2023ஆம் ஆண்டில் தாயாரின் திவசத்துக்காக அந்த வழியே போனார். போகும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்றார். கணித ஆசிரியர் அல்லவா? முட்டுக்கட்டை எடுத்த நேரம், தரையை விட்டு எழும்பிய நேரம், மாமல்லபுரத்துக்கு அருகே கரையோரமாகப் பறந்த நேரம், கடல்மேல் சென்ற நேரம், நீரேரி கண்ணில் பட்ட நேரம், சக்கரம் தரையைத் தொட்ட நேரம் என்று ஒவ்வொன்றையும் குறித்திருந்தார். திரும்பி வந்து அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். கூட்டிப் பார்த்தேன்; 76 நிமிடங்கள். கீழே எதுவும் எழுதவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அந்த 76 நிமிடங்களை அவர் எதோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்தப் பேச்சைக் கேட்டபின் நீங்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். உங்களுக்குப் பிடித்த இரண்டு ஊர்களைத் தேசப்படத்தில் தேர்ந்தெடுங்கள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். பூமி உருண்டை கிடைத்தால் நூல் பிடித்துச் சரிபாருங்கள். அதன்பின், அந்த ஊர்களுக்கு இடையே பிரயாணம் செய்ய உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை விசாரித்து, அருகில் எழுதுங்கள். இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தவில்லையானால், உங்கள் வகுத்தல் தவறு என்று உடனே அழித்துவிடாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். காற்று காரணமாக இருக்கலாம். மலை காரணமாக இருக்கலாம். ஒரு மூடிய வாயிலும் காரணமாக இருக்கலாம். காற்றையும் மலையையும் நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மூடிய வாயிலை மனிதர் மூடினார்கள். மனிதர் திறக்கவும் முடியும். அப்படித் திறக்கும் பொறுப்பு உங்களில் சிலருடைய கைக்கு ஒருநாள் வரும். அப்போது, கீழே நீரேரி மின்ன, விமானம் நிற்காமல் போன அந்த மாலையைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.